பத்மினியில் ஏசியைக் கழற்றியாச்சு – ஃபயர்வாலில் இருக்கிற ஓட்டைகளை எப்படி அடைப்பது?

பத்மினி_84 (திருச்சி)

எல்லோருக்கும் வணக்கம். இது அப்பா வாங்கிய 1984 பத்மினி கார். 1995 வாக்கில் டேஷ்போர்டுக்குக் கீழே தொங்குகிற மாதிரி ஏசி வைத்தார்கள். கம்பெனி ஏசி இல்லை, வெளியே ஒரு கடையில் போட்டது. பத்து வருடமாகவே அது வேலை செய்யவில்லை. கம்ப்ரஸர் ஜாம். கண்டென்சர் மட்டும் ரேடியேட்டருக்கு முன்னால் மறைத்துக்கொண்டு நிற்க, தில்லைநகரில் இரண்டு சிக்னல் சேர்ந்தாற்போல் விழுந்தால் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற ஊசி மேலே ஏறிவிடும். 1089 சிசி எஞ்சின், பாவம், அதற்கு ஏன் இந்தச் சுமை என்று போன மாதம் எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம்.

இப்போதுதான் பிரச்சினை தெரிகிறது. எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கிற தகட்டில், அதாவது ஃபயர்வாலில், இடது பக்கம் இரண்டு ஓட்டைகள், ஹோஸ் போன வழி. ஒன்று வட்டம், சுமார் 38 மி.மீ. இன்னொன்றை வட்டம் என்று சொல்ல முடியாது. அந்தக் காலத்தில் உளி வைத்து வெட்டியிருக்கிறார்கள், விளிம்பெல்லாம் பல் பல்லாக இருக்கிறது, உள்ளங்கை நுழையும். அப்புறம் வயர் போன ஒரு சின்ன ஓட்டை, பிராக்கெட் பிடித்த 8 மி.மீ. போல்ட் ஓட்டைகள் ஆறு, தண்ணீர் வடிய டியூப் விட்ட ஓட்டை ஒன்று தரையில். முன்னால் கண்டென்சர் பிராக்கெட் ஓட்டைகள் தனி.

சிக்னலில் நின்றால் புகை வாடை உள்ளே வருகிறது. முன்னால் உட்காருபவர் காலில் சூடு அடிக்கிறது. பெயிண்டர் “பட்டி வைத்து மூடிடலாம்” என்கிறார். மெக்கானிக் “சிலிக்கான் அடிச்சா போதும்” என்கிறார். இரண்டிலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

நோவா_மைதிலி (சென்னை)

முதலில் ஒரு விஷயம். புகை வாடை உள்ளே வருகிறது என்றால் ஓட்டையை அடைக்கும்வரை கண்ணாடியை ஏற்றிவிட்டு வண்டி ஓட்டாதீர்கள். வாடை வருவதாவது நல்லது, தெரிகிறது. கூடவே வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடத்தில் அது 200 மடங்குக்கும் மேல் வலுவாகப் போய் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கம் என்றுதான் ஆரம்பிக்கும். “வெயில்ல ஓட்டினேன், அதான்” என்று நாமே காரணம் சொல்லிக்கொள்வோம்.

எங்கள் வீட்டு அம்பாசிடர் நோவாவில் இதே கதைதான். கழற்றிய அன்றைக்குச் சும்மா துணியைத் திணித்து வைத்திருந்தோம். கொஞ்ச தூரம் போனதும் எண்ணெய் ஊறிய துணி சூட்டில் மணக்க ஆரம்பித்தது. அந்தத் தப்பைச் செய்யாதீர்கள். தற்காலிகமாக என்றால் ஒரு தகட்டை வெட்டி அலுமினிய டேப் ஒட்டி வையுங்கள், அவ்வளவுதான்.

கூலிங்காயில் (மதுரை)

நான் ஏசி வேலை பார்க்கிறவன். ஓட்டைக்குப் போகுமுன் ஒரு கேள்வி. கழற்றும்போது கேஸை என்ன செய்தீர்கள்? 1995-ல் போட்டது என்றால் பெரும்பாலும் ஆர்-12 தான். ஓசோனைக் கெடுக்கும் என்று மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் ஒதுக்கிய கேஸ் அது. காற்றில் திறந்துவிடக்கூடாது, மெஷின் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும்.

ஓட்டையோடு இதற்கு என்ன சம்பந்தம் என்றால், வெல்டிங். ஆர்-12 நெருப்பில் பட்டால் பாஸ்ஜீன் என்கிற விஷவாயு உண்டாகும். கூலிங் காயிலையோ பழைய ஹோஸையோ வண்டியில் வைத்துக்கொண்டே பக்கத்தில் டார்ச் கொளுத்துகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். “பத்து வருஷமா ஓடலையே, கேஸ் எங்கே இருக்கும்” என்பார்கள். இருக்காதுதான். ஆனால் நிச்சயம் தெரியாமல் தீயைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம்.

பத்மினி_84 (திருச்சி)

கேஸ் எப்போதோ கசிந்து போய்விட்டது அண்ணே. கேஜ் மாட்டிப் பார்த்தபோது முள் அசையவே இல்லை. காயில், ஹோஸ் எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன, வண்டியில் எதுவும் இல்லை.

டிங்கர்மாமா (கோவை)

தம்பி, முப்பது வருடம் டிங்கரிங் பார்த்தவன் சொல்கிறேன். பெயிண்டர் சொன்னதும் வேண்டாம், மெக்கானிக் சொன்னதும் வேண்டாம்.

பட்டி என்பது தகட்டுக்கு மேல் பூசுவதற்கு, ஓட்டையை அடைக்க இல்லை. பின்னால் தகடு இல்லாமல் வைத்த பட்டி எஞ்சின் ஆட்டத்தில் விரிசல் விடும், ஒருநாள் அடையாக விழும். பிசைந்து வைக்கிற எபாக்சியும் அதே கதைதான். சின்ன போல்ட் ஓட்டையில் நிற்கும், உள்ளங்கை அளவு ஓட்டையில் நிற்காது.

எல்லா ஓட்டையையும் ஒரே மருந்தில் அடைக்க நினைப்பதுதான் இங்கே தப்பு. உன் வண்டியில் நான்கு விதமான ஓட்டை இருக்கிறது, நான்கையும் தனித்தனியாகப் பார்.

வட்டமான 38 மி.மீ. ஓட்டைக்கு வெல்டிங்கே தேவையில்லை. துளை இல்லாத ரப்பர் குரோமெட் கிடைக்கும், மூடி ரப்பர் என்று கேள். ஓட்டையின் அளவைச் சரியாக எடுத்துக்கொண்டு போ. ரப்பரின் வெளி விட்டத்தைப் பார்த்து வாங்காதே, தகட்டு விளிம்பு உட்காருகிற காடியின் உள் அளவுதான் உன் ஓட்டைக்குச் சமமாக இருக்க வேண்டும். தகட்டின் கனமும் காடியின் அகலமும் பொருந்த வேண்டும். போடுமுன் ஓட்டை விளிம்பை அரத்தால் மழித்து, துரு பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்த பிறகு போடு. விளிம்பில் வெறும் இரும்பு தெரிந்தால் ரப்பருக்கு அடியிலேயே துரு ஓடும், வெளியே தெரியவே தெரியாது.

போல்ட் ஓட்டைகளை சிஓ2 வெல்டிங்கில், அதாவது கம்பி தானாக வந்து உருகுகிற மின்சார வெல்டிங்கில், நிரப்பிவிடலாம். பின்னால் ஒரு செம்புத் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னாலிருந்து இரண்டு பொட்டு வைத்தால் போதும். செம்பில் வெல்டிங் ஒட்டாது, உருகியதும் ஓட்டைக்குள்ளேயே நிற்கும். அரை அங்குல செம்புக் குழாயைச் சுத்தியலால் தட்டிப் பட்டையாக்கினால் அதுவே போதும். உன் ஏசியிலிருந்து கழற்றிய குழாயே இருக்குமே.

உளியால் வெட்டிய ஓட்டைதான் உன் உண்மையான வேலை. அதற்குத் தகடு வைத்துத்தான் ஆக வேண்டும். நாளைக்கு விவரமாக எழுதுகிறேன், இப்போது கண் எரிகிறது.

கூலிங்காயில் (மதுரை)

மாமா சொன்ன செம்புக் குழாய் யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஏசி குழாய்க்குள் எண்ணெய் படிந்திருக்கும். தட்டுமுன் இரண்டாக வெட்டி, தின்னர் ஊற்றிக் கழுவி, நன்றாக உலரவிட்டு அப்புறம் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் புகையும் வரும், வெல்டிங்கும் புடைபுடையாக வரும்.

நீலகிரி_ஹெரால்ட் (குன்னூர்)

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஏன் வெல்டிங்? பழைய வண்டியில் எதைச் செய்தாலும் திரும்பக் கழற்றக்கூடிய மாதிரி செய்ய வேண்டும் என்பது என் கட்சி. ஒரு தகட்டை வெட்டி, ரப்பர் ஷீட் வைத்து, நான்கு ஸ்க்ரூ முறுக்கினால் முடிந்தது. நாளைக்கு யாராவது ஹீட்டர் வைக்க ஆசைப்பட்டால் அந்த வழி இருக்கும். எங்கள் ஊரில் டிசம்பரில் ஹீட்டர் இல்லாமல் ஓட்டிப் பார்த்தால் தெரியும்.

என் ஹெரால்ட் காரில் எனக்கு ஒரு வசதி. மட்கார்டோடு சேர்த்து மூக்கே முன்னால் கவிழ்ந்துவிடும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே ஃபயர்வாலில் வேலை செய்யலாம். பத்மினிக்காரர்கள் முதுகை வளைத்துத்தான் ஆக வேண்டும்.

டிங்கர்மாமா (கோவை)

> பழைய வண்டியில் எதைச் செய்தாலும் திரும்பக் கழற்றக்கூடிய மாதிரி செய்ய வேண்டும்

சார், வண்டி பிறந்தபோது அந்த ஓட்டை கிடையாது. பத்து வருடம் கழித்து யாரோ உளியால் குத்தியதைப் பாதுகாக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்? வெல்டிங் வைத்து மட்டம் தட்டினால்தான் பழைய நிலை.

நீலகிரி_ஹெரால்ட் (குன்னூர்)

அதுவும் நியாயம்தான். ஆனால் வெல்டிங் என்றால் டேஷ்போர்டு, வயரிங், உள்ளே இருக்கிற ஃபெல்ட், கம்பளம் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். எத்தனை பேர் கழற்றுகிறார்கள்? ஈரச்சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டு அடித்துவிடுகிறார்கள். பின்பக்கம் பெயிண்ட் எரிந்து வெறும் இரும்பாக நிற்பது யாருக்கும் தெரிவதில்லை. இரண்டு மழைக்காலத்தில் துரு உள்ளிருந்து வெளியே வரும். சரியாகச் செய்யாத வெல்டிங்கைவிடச் சரியாகச் செய்த ஸ்க்ரூ தகடு மேல்.

டிங்கர்மாமா (கோவை)

அதை ஒத்துக்கொள்கிறேன். பின்பக்கத்துக்குக் கை போகாத இடத்தில் வெல்டிங் வைக்கக்கூடாது. எங்கள் பட்டறைக்கு வருகிற துருப் பிடித்த வண்டிகளில் பாதி, முன்னாடி யாரோ “ரிப்பேர்” செய்த இடம்தான்.

சரி, நேற்று விட்ட இடம். தகடு எப்படி வைப்பது.

முதலில் அந்தப் பல் விளிம்பை ஒழுங்குபடுத்து. பல் பல்லாக இருக்கிற இடத்திலிருந்துதான் விரிசல் கிளம்பும். கட்டர் வைத்து முட்டை வடிவத்துக்கோ மூலை மழுங்கிய சதுரத்துக்கோ கொண்டு வா. ஓட்டை கொஞ்சம் பெரிதானாலும் பரவாயில்லை. அப்புறம் கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து ஓட்டை மேல் வைத்து, எண்ணெய்க் கையால் விளிம்பைத் தடவு. அச்சு அப்படியே விழும். அதைச் சுற்றி 20 மி.மீ. விட்டு வெட்டினால் உன் அளவு தயார். உங்கள் வீட்டில் பத்திரிகைக்கா பஞ்சம்!

தகடு 18 கேஜ் சி.ஆர். ஷீட், அதாவது மேல்பூச்சு இல்லாத 1.2 மி.மீ. இரும்புத் தகடு. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகடு எடுக்காதே. வெல்டிங் வைத்தால் துத்தநாகப் புகை கிளம்பும், அதைச் சுவாசித்தால் ராத்திரி குளிர்க்காய்ச்சல் வந்த மாதிரி நடுக்கும். மூலை நான்கையும் ரூபாய் நாணயம் வைத்து வட்டமாக வெட்டு. கூரான மூலைதான் முதலில் தூக்கிக்கொள்ளும்.

ஃபயர்வால் சமதளமாக இருக்காது, அங்கங்கே புடைப்பும் மடிப்பும் இருக்கும். தகட்டை அதற்கேற்ப மரச்சுத்தியலால் தட்டி உட்காரவைத்த பிறகுதான் மற்றது. உட்காராத தகட்டை ஸ்க்ரூ முறுக்கி இழுத்துப் பிடிக்கலாம் என்று நினைக்காதே. இரண்டு ஸ்க்ரூவுக்கு நடுவில் வாய் பிளந்து நிற்கும்.

வெல்டிங் என்றால் கேஸ் வெல்டிங் வேண்டவே வேண்டாம், தகடு அப்பளம் மாதிரி வளையும். சிஓ2-வில் ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம் என்று மாற்றி மாற்றி, ஆறவிட்டு ஆறவிட்டு வைக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்று, டைனமோவோ ஆல்டர்னேட்டரோ எது இருந்தாலும் அதன் வயரையும் கழற்று. பெட்ரோல் பைப் எங்கே ஓடுகிறது என்று விரலால் தொட்டுப் பார். தீயணைப்பான் கையில் இல்லாமல் ஆரம்பிக்கவே ஆரம்பிக்காதே. வெல்டிங் முடிந்து அரை மணி நேரம் வண்டியை விட்டு நகராதே. ஃபெல்ட்டில் விழுந்த பொறி அப்போதே எரியாது, நீ டீ குடிக்கப் போன பிறகுதான் எரியும்.

பத்மினி_84 (திருச்சி)

மாமா, ரொம்ப நன்றி. அம்மாவின் பீரோவில் 2003-லிருந்து பத்திரிகைகள் அடுக்கி இருக்கின்றன.

ஒரு சந்தேகம். சிலிக்கான் ஏன் கூடாது? எல்லா கடையிலும் அதைத்தான் கொடுக்கிறார்கள்.

கூலிங்காயில் (மதுரை)

பாத்ரூமுக்கு அடிக்கிற சாதாரண சிலிக்கானைத் திறந்தால் வினிகர் வாடை அடிக்கும், கவனித்திருப்பீர்கள். காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவிடுகிற வகை அது. வெறும் இரும்பில் பட்டால் அதற்கு அடியிலேயே துரு ஆரம்பிக்கும். இன்னொரு தொல்லை, சிலிக்கான் பட்ட இடத்தில் பெயிண்ட் பிடிக்காது, மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும்.

வேண்டியது கார் கண்ணாடி ஒட்டுகிற கருப்புப் பாலியூரித்தேன், இல்லையென்றால் பாடி சீலன்ட். தகட்டுக்கும் ஃபயர்வாலுக்கும் நடுவில் என்றால் பியூட்டைல் டேப்தான் என் முதல் தேர்வு. கெட்டியாகக் காயாது, கோந்து மாதிரியே இருக்கும், தேவைப்பட்டால் பிரிக்கலாம். ஆனால் சைலன்சர் மேனிபோல்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், இளகி வழியும்.

ஸ்ப்ரே ஃபோம் என்று ஒன்று விற்கிறார்களே, அடித்ததும் பொங்கி வருமே, அதை இந்த வேலைக்கு யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள். எரியும், ஈரத்தையும் பிடித்துக்கொண்டு தகட்டை ஊற வைக்கும்.

ஒக்ஸ்போர்ட்_யாழ் (யாழ்ப்பாணம்)

வணக்கம். என்னிடம் மொறிஸ் ஒக்ஸ்போர்ட் இருக்கிறது, உங்கட அம்பாசிடருக்குத் தமையன் மாதிரி. வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் ஒரு ஜப்பான் வானிலிருந்து கழற்றிய ஏசியை அதற்குள் போட்டுவிட்டுப் போனவர். ஒரு கோடைகூட ஓடவில்லை. பிறகு நானும் உங்களைப் போலத்தான், ஓட்டைகளோடு நின்றனான்.

ரப்பர் ஷீட் பற்றிச் சொல்ல ஒன்று இருக்கிறது. 90-களில் இங்கே பெற்றோல் வராத காலத்தில் இந்தக் கார்களெல்லாம் மண்ணெண்ணெயில்தான் ஓடினது. கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, சூடானபிறகு மண்ணெண்ணெய். அந்த மணம் உள்ளே வராமல் இருக்க பழைய ரியூப்பை வெட்டித்தான் எல்லாவற்றையும் அடைப்பம். அப்போது வேறு வழியில்லை. இப்போதும் சிலர் அதையே செய்கினம். அது எண்ணெய் பட்டால் ஊதும், சூட்டில் பிசுபிசுக்கும், ஒரு வருடத்தில் வெடிக்கும். நைட்ரைல் ரப்பரோ நியோப்ரீனோ 3 மி.மீ. வாங்கிப் போடுங்கோ. எண்ணெய்க்கு நைட்ரைல்தான் திறம்.

நோவா_மைதிலி (சென்னை)

அண்ணா, மண்ணெண்ணெயில் ஓட்டிய கதையைத் தனியாக ஒரு இழை திறந்து எழுதுங்கள், ப்ளீஸ். இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

திரும்ப விஷயத்துக்கு. நான் கற்றுக்கொண்ட இரண்டு பாடம்.

அலுமினியத் தகடு வெட்ட சுலபமாக இருக்கிறதே என்று அதை எடுத்து, பாப் ரிவெட் அடித்து, நேராக இரும்பின் மேல் வைத்தோம். வீடு பெசன்ட் நகரில். உப்புக் காற்றில் இரண்டு உலோகமும் ஒட்டி இருந்தால் அலுமினியம் தான் முதலில் அரித்துப்போகும். இரண்டாவது வருடம் ரிவெட்டைச் சுற்றி வெள்ளை மாவாகக் கொட்டியது. நகத்தால் சுரண்டினால் துளை. இப்போது இரும்புத் தகடு, இரண்டு பக்கமும் பிரைமர், நடுவில் பியூட்டைல். நான்கு வருடமாக நிற்கிறது.

இரண்டாவது பாடம், கம்ப்ரஸர் பிராக்கெட். இதை யாரும் இன்னும் சொல்லவில்லை. ஓட்டை ஃபயர்வாலில் மட்டும் இல்லை, எஞ்சின் பிளாக்கிலும் இருக்கும். எங்கள் வண்டியில் பிராக்கெட்டை எஞ்சினில் ஏற்கெனவே இருந்த போல்ட்டுகளோடு சேர்த்துப் பிடிக்க, நீளமான போல்ட் போட்டிருந்தார்கள். பிராக்கெட்டை எடுத்துவிட்டு அதே நீள போல்ட்டைத் திரும்பப் போட்டால், பிராக்கெட் கனம் அளவுக்கு அது உள்ளே கூடுதலாகப் போகும். அடியில் முட்டி, இறுகிவிட்ட மாதிரி கைக்குத் தெரியும், ஆனால் பிடிக்க வேண்டியதைப் பிடித்திருக்காது. வலுவாக முறுக்கினால் பிளாக்கே விரியலாம். சரி, போல்ட்டே வேண்டாம் என்று துளையைச் சும்மா விட்டால், அது தண்ணீர் ஓடுகிற அறைக்குள் திறக்கிற துளையாக இருந்தால் கூலன்ட் சொட்டும். குட்டை போல்ட் வாங்கி, மரையில் சீலன்ட் தடவிப் போடுங்கள்.

பத்மினி_84 (திருச்சி)

அக்கா, நீங்கள் சொன்னதைப் படித்துவிட்டு உடனே ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன். மெக்கானிக் நீள போல்ட்டைத்தான் போட்டிருக்கிறான். ஒரு போல்ட்டின் தலைக்கு அடியில் காகிதம் நுழைகிற இடைவெளி. நாளைக்கே மாற்றுகிறேன்.

கூலிங்காயில் (மதுரை)

வயரையும் பாருங்கள். ஓட்டையை அடைக்கிற அவசரத்தில் வயரை வெட்டி நுனியில் டேப் சுற்றி உள்ளேயே தள்ளிவிடுவார்கள். மேக்னட் கிளட்ச், புளோயர் இரண்டுக்கும் தனி லைன் எடுத்திருப்பார்கள், பல நேரம் ஃப்யூஸ்கூட இல்லாமல் நேராகப் பேட்டரியிலிருந்து. அதைத் தொடங்கிய இடம்வரை பிடித்துக்கொண்டே போய் முழுதாக உருவி எடுங்கள்.

பத்மினி_84 (திருச்சி)

உருவினேன் அண்ணே. நல்லவேளை. வயர் போன ஓட்டையில் குரோமெட்டே போடவில்லை. வெறும் தகட்டு விளிம்பில் முப்பது வருடமாக உரசி, சிவப்பு வயரின் தோல் ஒரு கடுகு அகலத்துக்குத் தேய்ந்து செம்பு தெரிகிறது. இன்னும் கொஞ்சம் தேய்ந்திருந்தால் தகட்டிலேயே ஷார்ட். அப்பாவிடம் காட்டினேன், ரொம்ப நேரம் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ரோட்டோர_ரசிகன் (வேலூர்)

எல்லாம் சரி சார், திருச்சி வெயிலில் ஏசியைக் கழற்றலாமா? ஆர்-12-க்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ கேஸுக்கு கம்ப்ரஸர் சின்னதாக வருகிறது, அதைப் போட்டு ஓட்டியிருக்கலாமே.

பத்மினி_84 (திருச்சி)

சார், முன்கண்ணாடிக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த முக்கோணக் கண்ணாடியைத் திருப்பி வைத்தால் வருகிற காற்றுக்கு எந்த ஏசியும் ஈடு இல்லை. வண்டி நகர்ந்துகொண்டிருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை.

டிங்கர்மாமா (கோவை)

தரை ஓட்டையை மறந்துவிடாதே. ஏசி தண்ணீர் சொட்டிச் சொட்டி அதைச் சுற்றிக் கம்பளத்துக்கு அடியில் தகடு என்ன நிலையில் இருக்கிறது என்று பார். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டு. கணீர் என்றால் நல்லது, பொத் பொத் என்றால் ஓட்டையை அடைக்காதே, அந்தத் தரையையே வெட்டி மாற்ற வேண்டும். நல்லதாக இருந்தால் ரப்பர் மூடி போதும். வெல்டிங் வேண்டாம், தண்ணீர் புகுந்தால் மூடியைக் கழற்றி வடிக்க உதவும்.

எல்லாம் முடித்த பிறகு சோதனை. ராத்திரி ஷெட் விளக்கை அணை. ஒருவர் உள்ளே உட்கார்ந்து பிரகாசமான விளக்கை டேஷ்போர்டுக்கு அடியில் பிடிக்கட்டும், நீ போனட்டைத் திறந்து வெளியிலிருந்து பார். ஊசி முனை ஓட்டையும் நட்சத்திரம் மாதிரி தெரியும். அதற்கப்புறம் சாம்பிராணி. எஞ்சின் பக்கம் தூபக்காலை வைத்துப் புகை போட்டு, உள்ளே கண்ணாடியை ஏற்றி உட்கார்ந்து பார். எஞ்சின் ஓடக்கூடாது, பெட்ரோல் ஒழுகலும் இருக்கக்கூடாது. அதை முதலில் பார்த்துவிட்டுத்தான் தணல் கொண்டு வர வேண்டும். சந்தேகம் என்றால் வெளிச்சச் சோதனையோடு நிறுத்திக்கொள்.

பத்மினி_84 (திருச்சி)

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வேலை முடிந்தது.

உளி ஓட்டைக்கு வெல்டிங்தான் வைத்தோம். டேஷ்போர்டுக்கு அடியில் இருந்ததையெல்லாம் கழற்றியதில் பின்பக்கத்துக்குத் தாராளமாகக் கை போனது. நீலகிரி சார் சொன்னது மனதில் இருந்ததால் பின்பக்கத்தைத்தான் அதிகம் கவனித்தேன். கருகிய பெயிண்டைச் சுரண்டி, ஜிங்க் பிரைமர் இரண்டு கை, அதன்மேல் சீலன்ட், அதன்மேல் பெயிண்ட். வட்ட ஓட்டைக்கு ரப்பர் மூடி. முதலில் வாங்கியது லூஸ், மாமா சொன்ன காடி அளவை மறந்துவிட்டு வெளி விட்டத்தைப் பார்த்து வாங்கியிருந்தேன். சென்னை போன தம்பி ஜி.பி. ரோட்டில் சரியான அளவில் வாங்கி வந்தான். போல்ட் ஓட்டை ஆறும் செம்பு வைத்து நிரப்பியாகிவிட்டது. தரை கணீர் என்றது. முன்னால் கண்டென்சர் ஓட்டைகளுக்குப் பெயிண்ட் மட்டும் அடித்து விட்டுவிட்டேன், அதனால் கெட்டுப்போவது எதுவும் இல்லை.

இனி வேடிக்கையைக் கேளுங்கள். இவ்வளவும் செய்து சிக்னலில் போய் நின்றால் வாடை குறைந்திருக்கிறது, ஆனால் போகவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அன்று ராத்திரி வெளிச்சச் சோதனை. அப்பா உள்ளே உட்கார்ந்து விளக்கைப் பிடித்தார், நான் வெளியே. வெல்டிங் வைத்த பக்கம் கும்மிருட்டு, ஒரு பொட்டு இல்லை. “வலது பக்கம் கொண்டு போங்க” என்றேன். ஸ்டியரிங் தண்டு ஃபயர்வாலைத் தாண்டி வருகிற இடத்தில் பிறை நிலா மாதிரி வெளிச்சம்!

கம்பெனி போட்ட ரப்பர். விரலை வைத்தேன், ஊறாத ரஸ்க் மாதிரி உதிர்ந்தது. ஸ்டியரிங்கோடு சேர்ந்து கியர் தண்டும் அந்தப் பக்கம்தானே போகிறது, ஆடி ஆடித் தேய்ந்திருக்கிறது. ஏசிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இத்தனை நாளும் இடது பக்கத்தையே குற்றம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நீலகிரி_ஹெரால்ட் (குன்னூர்)

அட! டிக்கி ரப்பரையும் ஒரு கை பார்த்துவிடுங்கள். ஓடும்போது வண்டிக்குப் பின்னால் காற்று சுழலும், சைலன்சர் புகை அந்தச் சுழலில் சிக்கி டிக்கி வழியாகப் பின் சீட்டுக்கு வரும். முன் கதவுக் கண்ணாடி திறந்திருந்தால் இன்னும் இழுக்கும். மூடியை மூடும்போது ஒரு ரூபாய் நோட்டை ரப்பர் மேல் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சுலபமாக உருவி வந்தால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை.

பத்மினி_84 (திருச்சி)

நோட்டு இரண்டு இடத்தில் வழுக்கிக்கொண்டு வந்தது. ரப்பர் மாற்றியாச்சு. ஸ்டியரிங் தண்டுக்குப் புதுப்பேட்டையில் மடிப்பு மடிப்பாக இருக்கிற ஒரு பெல்லோஸ் ரப்பர் கிடைத்தது. மைதிலி அக்கா பயமுறுத்தியதில் பேட்டரியில் ஓடுகிற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் வாங்கி சீட்டில் வைத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போய் வந்தேன். பாலத்தில் நெரிசல், இருபது நிமிடம் ஐடிலிங். அலாரத்தில் பூஜ்யம் மாறவில்லை, வாடையும் இல்லை. ஊசி நடுவைத் தாண்டவில்லை. கண்டென்சர் போனதில் ரேடியேட்டருக்கு மூச்சு வந்திருக்கிறது.

இன்னொன்று, சத்தம். ஓட்டைகள் வழியாக இவ்வளவு எஞ்சின் சத்தம் உள்ளே வந்துகொண்டிருந்தது என்று அடைத்த பிறகுதான் தெரிகிறது. அப்பா பேசுவது பின் சீட்டுக்குக் கேட்கிறது.

ரோட்டோர_ரசிகன் (வேலூர்)

சார், அந்த ஏசி பெட்டியின் முன்பக்க கிரில், மரக் கலர் ஸ்டிக்கர் ஒட்டியது, நல்ல நிலையில் இருந்தால் கொடுப்பீர்களா? என் வண்டியில் அதே மாடல், உடைந்து போயிருக்கிறது. விலை சொல்லுங்கள்.

பத்மினி_84 (திருச்சி)

கேட்டுப் பார்த்தேன் சார். அப்பா தர மாட்டேன் என்கிறார். துடைத்து, பாலிதீன் கவர் சுற்றி, பரணில் ஏற்றிவிட்டார்.